இன்னொரு ராமசாமி

மைசூரு ராமசாமி சர்க்கிளைப் பார்த்ததும், அது மைசூர் திவான் ஆற்காடு ராமசாமி முதலியாரின் பெயர் என்று தமிழர்கள் நினைத்துவிடக்கூடும். ஆனால், அந்தத் திவானின் ஆட்சியில் சுடப்பட்டு இறந்த மாணவனின் பெயர் அது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற பிறகும் மைசூர் சமஸ்தானத்தில் மக்களாட்சி வரவில்லை. அதைக் கேட்டு எழுந்த ‘மைசூர் சலோ’ போராட்டத்தில்தான், செப்டம்பரில், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் உயிரிழந்தான். போராட்டம் வென்றது; அக்டோபரில் கே.சி.ரெட்டி முதலமைச்சரானார்; பாடநூல்களுக்கு அவர் பெயர் போதும்.

அந்த மாணவனுக்காவது ஒரு சர்க்கிள் கிடைத்தது. இதே சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலில், 1930இல், விரல்ரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித்துகள். வெள்ளைக்காரக் கம்பெனி அவர்களைக் குற்றப்பரம்பரையினரைப் போல் நடத்த முயன்றது. கூலியைவிட மானம் பெரிது என்று நின்றார்கள். பின்னால் நிற்கப் பெரிய கட்சியோ பதிவான சங்கமோ கிடையாது. வேலைநிறுத்த வரலாறுகளைத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலாக எழுதுகிறவர்களுக்கு இவர்கள் பெரிய இடைஞ்சல்தான்.

கர்நாடக அரசு ராமசாமி சர்க்கிளில் அந்த மாணவனின் கதையைக் கன்னடத்திலும், தங்கவயலில் 1930இன் கதையைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்கட்டும். செலவு இரண்டு கல்வெட்டுகள்தான்.