சிவப்பு மை சுழித்த மூன்று சொற்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் ஊர். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் ‘எங்கள் வீடு’ என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். ‘ஆயா தார் சுற்றுவார். அப்பா நாடா போடுவார். அம்மா அறுந்த விழுதைக் கட்டுவார்’ என்று அதில் மூன்று வரிகள். நோட்டு திருத்தப்பட்டு வந்தபோது ‘ஆயா’ அடிக்கப்பட்டுப் ‘பாட்டி’ ஆகியிருந்தது. ‘தார்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘சாலைக்குப் போடுவதா?’ என்ற கேள்வி. ‘விழுது’ மேல் சிவப்பு மையில் ஒரு சுழி. அடியில் ஓர் அறிவுரை: ‘கொச்சைச் சொற்களைத் தவிர்க்கவும்.’ நோட்டை நீட்டியபடி அவள் கேட்டாள்: “சித்தப்பா, நம்ம வூட்ல பேசறது தமிழ் இல்லியா?”

திருத்திய ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அவர் சொல்லிக்கொடுக்கிறார். வட்டார வழக்கு என்பது கெட்டுப்போன தமிழ், அதை விட்டொழித்தால்தான் மொழியும் தேறும், பிள்ளையும் முன்னுக்கு வரும் என்ற எண்ணம் மேடையிலும் வகுப்பிலும் வீட்டுத் திண்ணையிலும் வேரூன்றிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றுகூட நிற்கவில்லை என்பதே என் முடிவு.

வாதம் 1: ‘வட்டாரச் சொல்லை இலக்கணம் ஏற்பதில்லை’

தமிழின் மூத்த இலக்கணமே இதை மறுக்கிறது. தொல்காப்பியம் செய்யுளுக்கு உரிய சொற்களை நான்காக வகுக்கிறது: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சுற்றிய பன்னிரண்டு நிலங்களில் அந்தந்த மக்கள் வழங்கும் சொல். பேச்சில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று தொல்காப்பியர் அதை ஒதுக்கவில்லை. செய்யுளுக்கே உரியது என்று இடம் கொடுத்தார்.

உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊர் ஊராகச் சொல் எடுத்துக் காட்டினார்கள். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பார்கள், அருவா நாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பார்கள் என்று பட்டியல் நீள்கிறது. அச்சன் இன்று மலையாளத்தின் அன்றாடச் சொல். அருவா நாடும் அருவா வடதலையும் காஞ்சியை ஒட்டிய வடதமிழ் நிலங்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால் கேணி எங்கள் பக்கத்துச் சொல். திருவல்லிக்கேணியில் இருக்கும் கேணி கோயில் குளம்தான். தமிழகத்தின் பல ஊர்களில் கேணி என்றால் கிணறு. யாழ்ப்பாணத்திலோ இன்றும் படிகட்டிய சிறுகுளம். உரையாசிரியர் குறித்துவைத்த ஒரு வட்டாரப் பொருள் இத்தனை நூற்றாண்டு தாண்டி உயிரோடு இருக்கிறது. இதைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது?

பழங்காலத்துக்கு மட்டும் உரிய பார்வையும் அல்ல இது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, யாழ்ப்பாண வழக்கு, திருநெல்வேலி வழக்கு, நாஞ்சில் வழக்கு என்று குறியிட்டே சொற்களைச் சேர்த்தது. 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கைத் தனியே குறித்துக் காட்டுகிறது. இலக்கணமும் அகராதியும் திறந்துவைத்திருக்கும் கதவை நம் வகுப்பறை மட்டும் சாத்திக்கொள்வது ஏன்?

வாதம் 2: ‘ஊருக்கு ஊர் பொருள் மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்’

எங்கள் ஊர்ப் பெயரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலும் ஓர் ஐயம்பேட்டை உண்டு. வாலாஜாபாத் பேருந்தில் ஏறி ‘ஐயம்பேட்டை ஒண்ணு’ என்று சீட்டுக் கேட்டவரை எந்த நடத்துநரும் தஞ்சைக்கு அனுப்பியதில்லை. இடமும் பேச்சும் சேர்ந்தே பொருளைக் காட்டிவிடும்.

‘விழுது’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆலமரத்தில் தொங்கும்போது அது வேர். அடுக்களையில் இஞ்சி பூண்டோடு சேரும்போது அரைத்த கலவை. தறியில் அது பாவு இழைகளைப் பிரித்துத் தூக்கி இறக்கும் நூற்கண்ணிகளின் வரிசை. விழுது தூக்கினால்தான் பாவு வாய் திறக்கும். வாய் திறந்தால்தான் நாடா ஓடும். ‘தார்’ சாலையில் கீல். வாழைத் தோப்பில் குலை. எங்கள் திண்ணையில் ஊடை எனும் குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல். ‘நாடா’ பாவாடையில் கோத்த பட்டை. தறியில் ஊடையைச் சுமந்து ஓடும் ஓடம். ‘பாவு’ நெசவாளிக்கு நீளவாட்டு இழை. உழவர் ‘நாத்துப் பாவியாச்சு’ என்றால் விதை தெளித்தாயிற்று. ‘கோர்வை’ பேச்சில் தொடர்ச்சி. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்க, மூன்று நாடாக்கள் கொண்டு இரண்டையும் பிரியாமல் பூட்டும் நுட்பம். ஒரு தறி வீட்டுப் பெண் காலையில் விழுது கட்டி, மதியம் விழுது அரைத்து, மாலையில் ஆலமர விழுதைப் பிடித்து ஆடும் பிள்ளையை அதட்டுகிறாள். ஒருநாளும் அவள் குழம்பியதில்லை.

உறவுச் சொற்களும் இப்படித்தான். ஆச்சி என்றால் திருநெல்வேலியில் பாட்டி; செட்டிநாட்டில் அக்காளையும் மணமான பெண்களையும் மரியாதையாக அழைக்கும் சொல். இதனால் எந்த உறவும் முறிந்துவிடவில்லை.

உலகம் சுற்றிய மொழிகளுக்கும் இது பழகிய சங்கதி. சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஸ்பானிய மொழியில் ‘குவாகுவா’ என்றால் கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. ஸ்பெயினில் ‘பிடி, எடு’ என்ற பொருளில் நாள் முழுதும் புழங்கும் ‘கோஹேர்’ என்ற வினையை அர்ஜென்டினாவில் சபை நடுவே சொல்ல முடியாது. ஸ்பானிய மொழியின் அரச கழகம் 1713இல் தோன்றியது. 1951இல் பல நாட்டு மொழிக் கழகங்களும் ஒரு சங்கமாகக் கூடின. அந்தச் சங்கம் 2010இல் அமெரிக்க நாடுகளின் ஸ்பானிய வழக்குகளுக்கென்றே சுமார் 70,000 தலைச்சொற்களோடு ஓர் அகராதி வெளியிட்டது. எந்தச் சொல் எந்த நாட்டில் என்ன பொருள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். பல பொருள் இருப்பதைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை. எண்ணி எழுதிவைத்தார்கள்.

வாதம் 3: ‘வட்டாரப் பேச்சு, அதிலும் சென்னைப் பேச்சு, அயல்மொழிக் கலப்படம்’

முதலில் கணக்கை நேராக்குவோம். சென்னைப் பேச்சில் பலர் முகம் சுளிக்கும் ‘குந்து’ தமிழ்ச் சொல், இலங்கையிலும் வழங்குகிறது. ‘அப்பால’ என்பது அப்பால். ‘மெய்யாலுமே’ என்பது மெய்யாலுமே தமிழ். ‘நாஸ்டா’வும் ‘பேஜாரு’ம் உருது வழியாக வந்த பாரசீகச் சொற்கள், உண்மைதான். ஆனால் தாலுகாவும் ஜாமீனும் வசூலும் ரத்தும் அதே வழியில் வந்தவை. அலுவலகத்துக்குள் நுழைந்த சொல்லுக்கு நாற்காலி போடுகிறோம். தெருவில் நிற்கும் சொல்லைக் கலப்படம் என்கிறோம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை நான்கும் போர்த்துகீசியம். அவற்றை ஒரு பிள்ளை எழுதினால் யாரும் சுழிப்பதில்லை. ஆக, இங்கே எடைபோடப்படுவது சொல்லின் பிறப்பு அல்ல, பேசுகிறவரின் இடம்.

என் அண்ணன் மகளின் நோட்டில் நடந்தது இதைவிட வருத்தம் தருவது. ‘பாட்டி’ என்ற பொருளில் வடதமிழ்நாட்டிலும் கொங்கிலும் செட்டிநாட்டிலும் வழங்கும் ‘ஆயா’, தாயைக் குறிக்கும் ‘ஆய்’ என்ற பழந்தமிழ்ச் சொல்லின் உறவு. பிள்ளை வளர்க்கும் பணிப்பெண் என்ற பொருளில் வரும் ‘ஆயா’தான் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. வந்த பொருளைச் சரி என்று வைத்துக்கொண்டு, வீட்டுப் பொருளைக் கொச்சை என்று அடித்திருக்கிறோம்.

கலப்பைப் பற்றி ஒரு நெசவு ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். எங்கள் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஜரிகை, புட்டா என்ற பெயர்களே பாரசீகம் வழி வந்தவை. ஆனாலும் புடவை காஞ்சிப் பட்டு. நெய்யும் முறைதான் அதைக் காஞ்சிப் பட்டு ஆக்குகிறது. ‘பேஜாராயிடுச்சி’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த இழை ஒன்று. ‘ஆகி விட்டது’ என்று அதைத் தமிழாக நெய்தது நம் இலக்கணம். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் இத்தாலியக் குடியேறிகளின் சொற்கள் கலந்து உருவான ‘லுன்ஃபார்தோ’ என்ற தெருப்பேச்சுக்கு 1962இல் ஒரு கழகமே நிறுவினார்கள். அதைப் படிக்கத் தக்கது என்று அந்த நகரம் நினைத்தது. சென்னைப் பேச்சை நாம் பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சிக்கு ஒதுக்கினோம்.

வாதம் 4: ‘ழகரத்தைக் கொல்கிறார்கள், அந்தப் பேச்சுக்கு விதியே இல்லை’

எங்கள் பக்கம் பழம் ‘பயம்’ ஆகும். கிழவி ‘கெய்வி’ ஆவாள். தெற்கே பல ஊர்களில் அதே பழம் ‘பளம்’. கேட்பவருக்கு இது நாக்குச் சோம்பல் போலத் தோன்றலாம். ஆனால் மாற்றம் ஒழுங்காக நடக்கிறது. ழகரம் இருந்த இடத்தில்தான் நடக்கிறது. இதே ழகரம் தெலுங்கில் டகரம் ஆனது: ஏழு அங்கே ஏடு, கோழி அங்கே கோடி. கன்னடத்தில் ளகரம் ஆனது: ஏளு, கோளி. அங்கெல்லாம் அதுவே மொழி இலக்கணம். இங்கே மட்டும் பிழை.

வினைகளிலும் விதி உண்டு. ‘சொல்லிக்கொண்டு’ என்பது ஒரு வட்டாரத்தில் ‘சொல்லிகினு’, ஒரு வட்டாரத்தில் ‘சொல்லிக்கிட்டு’, சில வீடுகளில் ‘சொல்லிண்டு’. வடதமிழ்நாட்டு ஆள் எல்லா வினையிலும் ‘கினு’தான் சேர்ப்பார், ஒருநாள் அது, ஒருநாள் இது என்று மாற்றமாட்டார். எழுதிவைக்காத விதியும் விதிதான்.

இதைக் காஞ்சி ஏற்கெனவே ஒரு கதையாக அறிந்திருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதல் அடியிலேயே ழகர மெய்யும் தகரமும் சேர்ந்து டகரமான புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லை என்று அவையில் ஒருவர் தடுத்தாராம். மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து அதில் விதியைக் காட்டினார். வந்தவர் முருகனே என்பார்கள். வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரனார் இயற்றிய நூல். ஒரு நூலில் இல்லாத விதி இன்னொரு நூலில் இருந்தது. உங்கள் புத்தகத்தில் காணவில்லை என்பதால் ஒரு வழக்கைப் பிழை என்று முடிவுகட்டாதீர்கள் என்பதே அந்தக் கதை எனக்குச் சொல்லும் பாடம்.

வாதம் 5: ‘பொதுத்தமிழ் வேண்டாமா? பிள்ளை தேர்வு எழுத வேண்டாமா?’

வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. யாழ்ப்பாணத்தாரும் மலேசியத் தமிழரும் மதுரைக்காரரும் ஒரே பக்கத்தைப் படிக்கப் பொதுத்தமிழ் தேவை. இந்தக் கட்டுரையே அதில்தான் எழுதப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கற்க இன்னொன்றை மறக்க வேண்டியதில்லை. ‘வூடு’ என்று பேசும் பிள்ளைக்கு ‘வீடு’ என்று எழுதக் கற்பிக்கலாம். ‘விழுது’, ‘தார்’ இரண்டிலும் எழுத்துப் பிழைகூட இல்லை; வட்டாரப் பொருள் மட்டுமே இருந்தது. அதைத் திருத்தியபோது பிள்ளை தமிழ் கற்கவில்லை. தன் வீட்டைப் பற்றி எழுதக் கூடாது என்று கற்றாள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வட்டாரப் பேச்சில் சாதியை இழிக்கும் சொற்களும் பெண்ணை இழிக்கும் வசவுகளும் இருக்கின்றன. அவை போக வேண்டும். வட்டாரத்துக்கு உரியவை என்பதற்காக அல்ல, மனிதரை இழிப்பதற்காக. நல்ல செந்தமிழில் சொன்னாலும் இழிவு இழிவுதான்.

இழக்கப்போவது எது?

கரிசல் மண்ணுக்கு கி. ராஜநாராயணன் 1982இல் ஒரு சொல்லகராதி தந்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இலும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் 2007இலும் தந்தார்கள். எழுத்தாளர்கள் முன்கை எடுத்துச் செய்த வேலைகள் இவை. தறி மேடையின் சொற்களுக்கும் அப்படி ஒரு கவனிப்பு அவசரமாகத் தேவை. தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். கூலி கட்டுப்படியாகாத தொழிலில் அவர்களைக் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தறி நின்றால் சொல்லும் நிற்கும். முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பாவு இழைகளைப் புது நிற இழைகளோடு ஒவ்வொன்றாக இணைக்கும் ‘பெட்னி’ வேலை நின்றுவிட்டால், அந்தச் சொல்லோடு அந்த விரல்களின் அறிவும் போய்விடும்.

அண்ணன் மகளுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: “நம்ம வூட்ல பேசறதும் தமிழ்தாம்மா. ஆயாகிட்டப் போய் தறியில இருக்கிற சாமான் ஒவ்வொண்ணுக்கும் என்ன பேருன்னு கேட்டு எழுதிக்கினு வா.” அன்று மாலை தறிக்குழி ஓரத்தில் குந்தி அவள் எழுதினாள். ஆயா சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் நிரம்பியது. அவற்றில் பாதிச் சொற்கள் எனக்கே மறந்துபோயிருந்தன.