முதுகுப் பையும் முதல் நாளும்

சென்ற மாதம் தஞ்சையிலிருந்து நம் தங்கையின் மகள் பெங்களூருக்கு வந்திருந்தாள். வயது 24. ஐரோப்பா செல்ல அனுமதி வேண்டி, இங்குள்ள விசா நிலையத்தில் கைரேகை பதித்து விண்ணப்பம் கொடுப்பதற்காக வந்தாள். செல்வது படிப்பிற்கு அன்று, உத்தியோகத்திற்கும் அன்று. தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, பிராக், வியன்னா ஆகிய நகரங்களில் மூன்று வாரம் நடந்து திரிவதற்கு. அதுவும் தன்னந்தனியாக!

அவள் வருவதற்கு முந்திய இரவே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பாள். எப்படியாவது தடுத்துவிடுங்கள்" என்றாள். அன்பர்களிடம் ஒளிப்பானேன்? நம் மனமும் தங்கையின் பக்கமே இருந்தது.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய நாள் திங்கள். அவள் கண்டோன்மெண்ட் நிலையத்தில் வந்து இறங்கியதோ சனிக்கிழமை விடியற்காலை. வண்டியோடு காத்திருந்த நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் சொன்னாள்:

"மாமா, இந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. கன்னடமும் தெரியாது. இன்று ஒரு நாள் இதையே பிராக் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ் பேச மாட்டேன், உங்கள் வண்டியிலும் ஏற மாட்டேன். அத்தை விளக்கேற்றுமுன் நானாக வீடு வந்து சேர்ந்தால், அம்மாவிடம் நீங்கள் எனக்காகப் பேச வேண்டும். சேராவிட்டால் பயணத்தையே விட்டுவிடுகிறேன்."

தோற்றுவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் நாம் சம்மதித்தோம். பெட்டியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தொம்மலூர் திரும்பினோம்.

இப்படித் திரிவது இன்று நேற்று வந்த பைத்தியம் அன்று என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது உணர்ந்தோம். ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909ஆம் ஆண்டு தம் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது புயல் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். நடந்து வரும் இளைஞர்க்கு மலிவான தங்குமிடங்கள் ஊர்தோறும் வேண்டும் என்ற எண்ணம் அன்றிரவு பிறந்தது. பல நாடுகளில் இன்றும் உள்ள இளைஞர் விடுதிகள் அதன் பயனே. நம்மவரிலும் ஆள் இல்லாமற் போகவில்லை. ஏ. கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய திரைப்படத்திற்காக உலகைச் சுற்றப் புறப்பட்டபோது அவரும் இளைஞர்தான். ஆனால் செட்டியார் ஆண்மகன் என்று தங்கை சொல்வாள். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இனி அவள் அன்று கண்டவற்றை அவள் சொன்னபடியே கூறுகிறோம்.

புதிய ஊருக்குப் போனால் முதலில் அதன் பழைய ஊரைத் தேட வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் கோட்டை, சந்தை, கோவில் எல்லாம் ஒரு மதிலுக்குள் நெருங்கிக் கிடக்கும். வியன்னாவில் 1857இல் பேரரசர் ஆணையிட்டு அந்த மதிலை இடிப்பித்து, அவ்விடத்தில் வட்டச்சாலை அமைத்தார். பெங்களூரின் பழைய ஊர் 1537இல் கெம்பே கௌடர் எழுப்பிய பேட்டை. நாமோ பெரும்பாலும் 1809க்குப் பின் எழுந்த கண்டோன்மெண்டின் வழிவந்தவர்கள். சென்னைப் படையோடும், 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த இரயிலோடும் நம் முன்னோர் வந்து குடியேறிய ஊர் அது. இரண்டிற்கும் 1949 வரை நகராட்சிகள் கூட வெவ்வேறாக இருந்தன. இடையில் கிடந்தது கப்பன் பூங்கா.

அவள் குயின்ஸ் சாலை வழியே நடந்து அந்தப் பூங்காவை ஊடறுத்துச் சென்றாள். உயர் நீதிமன்றம் நடைபெறும் சிவந்த கட்டடத்தின் முன் சிறிது நேரம் நின்றாளாம். 1868இல் முடிந்த அதை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதையும், 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவரும் அவரே என்பதையும் நாம் இரவில் சொன்னபோது, "காலையில் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன்" என்றாள்.

அங்கிருந்து மெட்ரோ இரயில். மெஜஸ்டிக்கில் மாறி, கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். பூக்கடையில் அத்தைக்கு மல்லிகை வாங்க எண்ணி, பாடம் பண்ணி வைத்திருந்த ஒரே சொல்லை எடுத்து வீசினாள்: "எஷ்டு?" பூக்காரம்மாள் கன்னடத்தில் ஏதோ விலை சொன்னாள். இவள் விழித்தாள். பூக்காரம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாப்பது ரூவா கண்ணு, தமிழா நீ?" என்றாளாம்! பிராக் நகரத்து மார்க்கெட்டில் இது நடக்காது. ஆயினும் இவள் விடவில்லை. "ஸ்வல்ப கம்மி" என்று கன்னடத்திலேயே பேரம் பேசினாள். அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்து, முப்பதுக்கு முழம் அளந்து, கூடவே பாடமும் நடத்தினாள். பூவுக்கு ஹூவு. பாலுக்கு ஹாலு. பத்துக்கு ஹத்து. போ என்பதற்கு ஹோகு.

கதவு திறந்தாற்போல் இருந்தது என்றாள் நம் மருமகள். நம்முடைய பகரம் சொல்லின் முதலில் வரும்போது கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகிவிட்டிருக்கிறது. அந்த ஒரு சாவியைக் கொண்டே அன்று பல பெயர்ப்பலகைகளுக்குப் பொருள் கண்டாளாம். "அலசூர் என்கிறீர்களே மாமா, ஹலசூரு என்று நிலையத்தில் ஒலிபரப்புகிறார்கள். ஹலசு என்றால் பலாதானே?" என்று கேட்டாள். பலாமரங்களால் வந்த பெயர் என்றே பெரியவர்களும் கூறுவர். முப்பது ஆண்டுகளாக அலசூர் என்று சொல்லி வருகிறோம். அதற்குள் பலா இருப்பதை ஒரு நாளும் நினைத்ததில்லை.

பிற்பகலில் அவென்யூ சாலையை அடுத்த சந்துகளில் வழி தவறிவிட்டாள். சிக்கப்பேட்டை, பளேப்பேட்டை, அரளேப்பேட்டை என்று ஒவ்வொரு சரக்கிற்கும் ஒரு பேட்டையாகப் பிரிந்து பின்னிக் கிடக்கும் இடம் அது. போதாக்குறைக்குக் கைப்பேசியும் உயிரை விட்டது. இங்கே அவளுடைய முன்யோசனை ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையிலேயே ஒரு காகிதக் கடையில் நம் முகவரியைக் கன்னட எழுத்தில் எழுதி வாங்கி, பையில் வைத்திருந்தாள். ஒரு முதியவர் அதைப் படித்துப் பார்த்து, பேச்சே இல்லாமல் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டுப் போனார். பேருந்தில் கர்நாடகப் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் கட்டணமில்லை. இவள் "தமிழ்நாடு" என்று சொல்லிக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினாள்.

இதற்குள் வீட்டில் நம் நிலை என்ன? நான்கு மணி முதல் கைப்பேசி எடுக்கவில்லை. தங்கை மூன்று முறை அழைத்தாள். "தூங்குகிறாள்" என்று மூன்று முறையும் பொய் சொன்னோம். மனைவி ஒன்றும் பேசாமல் விளக்கேற்றினாள். ஏற்றி இருபது நிமிடம் கழித்து வாசலில் குரல் கேட்டது: "மாமா, தோற்றுவிட்டேன்."

நேரத்தோடு தொம்மலூரில் இறங்கியவள், நம் தெருவுக்கு அருகிலுள்ள சொக்கநாத சுவாமி கோவிலில் நின்றுவிட்டாளாம். பெயரைக் கேட்டுச் சிவன் கோவில் என்று எண்ண வேண்டாம். உள்ளே இருப்பவர் பெருமாள். "கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது மாமா. எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை" என்றாள்.

கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவளோடு சென்றோம். ஹொய்சள வீரராமநாதன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். திருச்சிக்கு அருகே கண்ணனூரில் தலைநகர் வைத்திருந்த 13ஆம் நூற்றாண்டு அரசன் அவன். சனிக்கிழமைதோறும் வலம் வந்த கோவில்தான். கேட்டதோடு சரி, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு தகரமும் ஒரு மகரமும் தெரிந்தன. மற்றவை நம் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

வீடு திரும்பியதும் தங்கையை அழைத்து, தூங்கினாள் என்றது பொய் என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். அவள் அழுதாள், பிறகு கோபித்தாள், அதன்பின், "அங்கே வழி தவறிப் போனால் என்ன அண்ணா செய்வாள்?" என்று கேட்டாள். "இங்கே தவறினாள், வந்தும் சேர்ந்தாள்" என்றோம். வெகுநேரம் பேச்சில்லை. "குளிர்ச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றாள் கடைசியில்.

திங்களன்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டுத் தாள் முதலியவற்றை அடுக்கிக்கொண்டு, விசா நிலையத்திற்கு அவள் பேருந்தில் போனாள். நாம் பின்னாலேயே வண்டியில் போய், எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையில் அவள் வெளியே வரும்வரை நின்றிருந்தோம். அது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.