ஞாயிறு ஆட்டத்துக்குப் பரிசுத்தொகை எதற்கு?

கிராமத்துக் கிரிக்கெட் என்றாலே இப்போது ஃபிளெக்ஸ் பேனர், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு என்றாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி ஆடும் நட்பு ஆட்டம்தான் ஊருக்கு அதிகம் தேவை என்பேன். நாக்-அவுட் தொடரில் முதல் மேட்சில் தோற்ற அணி அப்போதே வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். பரிசுக்காக வெளியூர் ஆட்டக்காரரை இறக்கினால், உள்ளூர்ப் பையன் எல்லைக்கோட்டில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பான். நட்பு ஆட்டம் வற்றிய கண்மாயில் டென்னிஸ் பந்தோடு நடக்கும். தோற்றால் இன்னொரு மேட்ச். எல்.பி.டபிள்யூ. கிடையாது, பேட்டிங் அணிக்காரரே அம்பயர். தன் ஊர்க்காரனுக்கே விரலைத் தூக்கி அவுட் கொடுக்கும் அந்த நேர்மையை, பணம் நடுவில் இருக்கும்போது எதிர்பார்ப்பது கடினம்.

பரிசு இல்லாவிட்டால் திறமை எப்படி வெளியே தெரியும் என்று கேட்பார்கள். டென்னிஸ் பந்தில் தொடங்கி 2021இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடிய நடராஜனைச் சுட்டுவார்கள். அவரே தன் சொந்த ஊரான சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்கு 2023இல் கொடுத்தது ஒரு மைதானத்தை. ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது ஆட இடம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நட்பு அணியிலும் சாதி பார்த்துத்தானே ஆள் சேர்க்கிறார்கள் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது, உண்மையும்கூட. ஊராட்சி பொதுநிலத்தில் மைதானம் ஒதுக்கி, எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்த அணிக்கே அனுமதி என்று விதி வைக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே நேரம் ஒதுக்கட்டும்.