கடிகாரக் கடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை

சென்ற மாதம் வந்த மடல்களுள் ஒன்று, கடற்கரையோரச் சிற்றூரில் தம் வாப்பாவின் கடையைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவருடையது. பள்ளிவாசல் தெருமுனையில் நான்கடிக்கு ஆறடிக் கடை. ஒரு பக்கம் கைக்கடிகாரப் பழுது. மறுபக்கம் அறுந்த சங்கிலி பற்றவைத்தல், மோதிரத்தின் அளவைக் கூட்டிக் குறைத்தல், கருகமணி கோத்தல் போன்ற சில்லறை நகைவேலை. "செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும்படி ஒரு முகவர் வற்புறுத்துகிறார். வாப்பாவோ, என் கண்ணுக்குத் தெரியாததை அந்தப் பெட்டி பார்த்துவிடுமா என்று கேட்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?" என்று வினவியிருந்தார்.

அவ்வூர் எனக்குத் தொலைவன்று. எனவே மடலுக்கு மடல் எழுதாமல், மூன்று நாட்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அக்கடையிலேயே அமர்ந்து பார்த்தேன். இத்தொழிலில் இருக்கும் பிற குடும்பத்தாருக்கும் பயன்படும் என்பதால், கண்டதை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில், என் உம்மாவின் கருகமணி நூல் இற்றுப்போனதால், எங்கள் உறவினர் ஒருவரின் கடையில் கோக்கக் கொடுத்தோம். சீட்டில் 'கருகமணி 1' என்று மட்டும் எழுதித் தந்தார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, பொன்மணிகளில் இரண்டு குறைவதாக உம்மா கூறினார். கொடுத்தது அத்தனையும் கோத்துவிட்டேன் என்று அவர் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார். இருவரும் பொய் பேசுகிறவர்கள் அல்லர். நூல் இற்ற அன்றே எங்கள் வீட்டுத் தரையில் அம்மணிகள் உருண்டிருக்கலாம். அவர் பட்டறையிலும் உருண்டிருக்கலாம். ஆனால் கொடுத்தபோது எத்தனை மணிகள் என்று எழுதி வைத்தவர் ஒருவரும் இலர். இரண்டு மணிக்காக இரு வீடுகளுக்கிடையே பெருநாள் சலாம்கூட நின்றுபோயிற்று. உம்மா மறைந்தபோதுதான் அவர் எங்கள் வாசற்படி ஏறினார்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். எழுதுகிறவர் நீதமாக எழுத வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்னும் கருத்து அங்கே வருகிறது. அது கடனைப் பற்றியது. எனினும், பிறர் பொருளை அமானிதமாக வாங்கி வைக்கும் பழுதுக் கடைக்காரருக்கு அதனைவிடப் பொருத்தமான அறிவுரை எதுவென்று எனக்குத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவு இக்கடைகளுக்குப் பயன்படுவதும் இந்த இடத்தில்தான். அதை ஓர் எழுத்தராக வைத்துக்கொள்ளுங்கள். பொன்னையும் கல்லையும் மதிப்பிடும் ஆசாரியாக ஆக்கிவிடாதீர்கள்.

முதல் நாள் சீட்டு எழுதிப் பார்த்தோம். அந்த இளைஞரின் கைப்பேசியில் விலையின்றிக் கிடைக்கும் கருவிகளே இருந்தன. சாட் ஜிபிடி, ஜெமினி போன்றவை தமிழில் பேசினால் எழுத்தாக்கிக்கொள்கின்றன. வாடிக்கையாளர் எதிரிலேயே பொருளைக் கறுப்புத் துணிமீது வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்தார். பிறகு வாயால் சொன்னார்: பெண்கள் கைக்கடிகாரம், தங்க நிறம், கண்ணாடியில் மூன்று மணி அருகே கீறல், ஓடவில்லை, பட்டை பழையது.

கருவி நொடியில் அழகான சீட்டு ஒன்றை எழுதித் தந்தது. வாப்பா லென்ஸைக் கழற்றிவிட்டு அதைப் படித்தார். "என்ன காக்கா இது, தங்கக் கடிகாரம்னு எழுதியிருக்கே!" என்றார். ஆம், 'தங்க நிறம்' என்றது 'தங்கக் கைக்கடிகாரம்' ஆகியிருந்தது. அன்றியும், 'மற்றபடி நல்ல நிலையில் உள்ளது' என்று எவருமே கூறாத ஒரு வரியும் சேர்ந்திருந்தது. இச்சீட்டில் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தால், முலாம் பூசிய கடிகாரத்துக்குத் தங்கக் கடிகாரத்தை அல்லவா திருப்பித் தர நேரும்! பழைய கடைக்காரர்கள் 'மஞ்சள் நிற உலோகம்', 'வெள்ளைக் கல்' என்று எழுதுவார்களேயன்றித் தங்கம், வைரம் என்று எழுதமாட்டார்கள். கண்டதை மட்டும் எழுதும் அந்த வழக்கத்தின் அருமை அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

எனவே கட்டளையை இவ்வாறு மாற்றினோம்: "நான் சொல்வதை மட்டும் வரிசைப்படுத்தி எழுது. சொல்லாத எதையும் சேர்க்காதே. நிறத்தைச் சொன்னால் நிறத்தை மட்டும் எழுது. உலோகத்தின் பெயரையோ கல்லின் பெயரையோ நீயாகக் கூறாதே. ஏதேனும் விடுபட்டதாகத் தோன்றினால் என்னிடம் கேள்." இதன்பின் வந்த சீட்டுகள் செம்மையாக இருந்தன. அதைவிடப் பெரிய நன்மை, அது கேட்ட கேள்விகள். ஒரு கருகமணிக்கு, பொன்மணிகள் எத்தனை, கறுப்பு மணிகள் எத்தனை, கொக்கி உண்டா, மொத்த எடை எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டது. கேள்வியைக் கேட்டதும் இளைஞர் மணிகளை எண்ணத் தொடங்கினார். வாடிக்கையாளரான அம்மையாரும் உடன் எண்ணினார். எங்கள் வீட்டுக் கருகமணிக்கு அன்று இப்படிக் கேட்க ஒருவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டை ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டி, வாடிக்கையாளர் ஒப்பிய பின்னரே கொடுக்க வேண்டும். ஒரு படி அவருக்கு. ஒரு படி கடையின் கோப்பில். சங்கிலியோ வளையலோ பொடி வைத்துப் பற்றவைப்பதாயின், வேலைக்கு முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரத்தைச் சிறிதாக்கும்போது வளையத்தை வெட்டுவோம்; ஹால்மார்க் முத்திரை பெரும்பாலும் வளையத்தின் உட்புறத்தில்தான் இருக்கும். வெட்டில் முத்திரை சிதைந்தால் பின்னர் விற்கப் போகிறவருக்குத் தொல்லை. எனவே முத்திரையைப் படமெடுத்து, அதிலுள்ள எண்ணையும் சீட்டில் எழுதிவிட்டே அரத்தை எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் வாப்பா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பழுது பார்த்து முடித்தும், எவரும் வந்து வாங்காத கடிகாரங்கள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. பெரும்பாலானவை சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரங்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நம் நாட்டார் கையில் கட்டிய கடிகாரம் அது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது அவற்றைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். முகவர் சொன்ன யோசனைகளில் ஒன்று, அப்பெட்டியைப் படமெடுத்து இணையத்தில் விற்றுவிடலாம் என்பது. வாப்பா அதற்கு மறுமொழியே கூறவில்லை, பெட்டியை மூடிவிட்டார்.

எழுத்தருக்கு இங்கே நல்ல வேலை இருந்தது. ஒவ்வொரு கடிகாரத்தையும் படமெடுத்து, நூலில் கட்டியிருந்த துண்டுச் சீட்டில் உள்ளதை இளைஞர் படிக்கப் படிக்க, கருவி நாள் வாரியாகப் பட்டியலிட்டது. தொலைபேசி எண் உள்ளவர்களுக்கு அனுப்பப் பணிவான சிறு செய்தி ஒன்றையும் எழுதித் தந்தது. கேரளத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு மலையாளத்திலும் எழுதியது. அதை மலையாளம் அறிந்த ஒருவரிடம் காட்டிய பின்பே அனுப்பினோம். இறந்துபோனவர்களின் கடிகாரங்கள் வாரிசுகளுக்கு உரியவை. பெயர் மட்டும் இருந்தவற்றுக்கு ஜுமுஆவுக்குப் பின் பள்ளியில் அறிவிக்கலாம் என்று முடிவாயிற்று.

'90 நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளாவிடில் நாங்கள் பொறுப்பல்ல' என்று சில கடைகள் சீட்டில் அச்சிடுகின்றன. அவ்வரியால் அமானிதம் கரைந்துபோகுமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கருவியிடம் கேட்க வேண்டாம். இக்கருவிகள் எங்கும் இல்லாத ஹதீஸை, நூற்பெயரோடும் எண்ணோடும் தயக்கமின்றி எழுதிவிடக்கூடியவை.

இனி வேலை மேசைக்கு வருவோம். மின்கல எண்களின் குழப்பத்தை அவிழ்க்க இக்கருவிகள் உதவுகின்றன. பெண்கள் கடிகாரங்களில் பரவலாக வரும் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்பதும் 377 என்பதும் ஒன்றே, 6.8 மில்லிமீட்டர் அகலம், 2.6 மில்லிமீட்டர் தடிப்பு. எஸ்ஆர் என்று தொடங்குவது வெள்ளி ஆக்சைடு, எல்ஆர் என்று தொடங்குவது ஆல்கலைன். அளவு ஒன்றாக இருப்பினும் எல்ஆர் மலிவு. அதன் மின்னழுத்தம் நாளடைவில் சரிந்துகொண்டே வரும். மலிவானதைப் போட்டுவிட்டு எஸ்ஆர் விலை வாங்குவது எத்தகைய வியாபாரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் ஆங்கிலப் பழுதுக் குறிப்பேடுகளைத் தமிழில் விளக்கிக் கேட்பதற்கும் இவை ஏற்றவை. ஆயினும் எண் வரும் இடமெல்லாம் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

படத்தைக் காட்டி 'இது என்ன இயந்திரம்?' என்று கேட்டோம். தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிற்று. வாப்பா பாலன்ஸ் வீலின் அடியில் லென்ஸை வைத்துப் பார்த்தார். அங்கே பொறித்திருந்த எண் வேறு. உதிரி பாகம் கேட்டு எழுதியிருந்தால் பணமும் காலமும் வீணாகியிருக்கும்.

கடிகாரத்தின் ஓசையைக் கேட்டு, நாளுக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று கூறும் செயலிகளும் கைப்பேசிக்கு உண்டு. இது புதிய அற்புதமன்று. டைம்கிராஃபர் என்னும் இயந்திரம் நெடுங்காலமாகச் செய்துவரும் பணியே. மணிக்கு 18,000 துடிப்புள்ள பழைய சாவிக் கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை ஒலிக்கும். அதைக் கைப்பேசியின் ஒலிவாங்கி ஓரளவு பிடித்துவிடும். தெரு இரைச்சலில் கணக்குத் தவறும். இரவில், கதவை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

தங்கத்தின் தரத்தை மட்டும் எக்காரணத்தாலும் படத்தைக் காட்டிக் கேட்காதீர்கள். படத்தில் தெரிவது நிறம், மாற்று அன்று. அதற்கு உரைகல் உண்டு, எக்ஸ்ரே கதிரால் சோதிக்கும் இயந்திரம் உண்டு. ஹால்மார்க் நகையாயின், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் அதில் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில் இவ்வெண் இன்றிப் புதிய நகையைக் கடைகள் விற்கக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் என்னும் செயலியில் அதை இட்டால் தூய்மையும் சோதித்த நிலையமும் தெரியும். 916 என்பது 22 காரட், 750 என்பது 18 காரட். பழைய நகையில் ஆறு இலக்க எண் இராது; அதனால் அது போலி என்று ஆகிவிடாது.

இவ்விடத்தில் நம் சகோதரிகளுக்கு ஒரு சொல். நகையைக் கழற்றிக் கொடுத்த பின்னரே படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலோ காதிலோ இருக்கும்போது எடுக்க அனுமதிக்க வேண்டாம். கடைக்காரரும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கருவிக்குள் இடாமல், 'சீட்டு எண் 214' என்பதுபோல் எண்ணை மட்டும் இட்டால் போதும். யார் வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது என்பது அவர்கள் நம்மிடம் ஒப்படைத்த இரகசியம். நாம் இடுவதைக் கொண்டு கருவியைப் பயிற்றுவிப்பதை மறுக்கும் வசதி பலவற்றின் அமைப்புகளில் இருக்கிறது. தேடி எடுத்து மறுத்துவிடுங்கள்.

பழைய மோதிரத்தின் படத்தைப் புதியதுபோல் மின்ன வைக்கும் வித்தையும் இக்கருவிகளில் உண்டு. விற்பனைக்கு வைக்கும் பொருளில் அவ்வாறு செய்வது, அங்காடியில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, அதே செயல்தான். கீறல் இருந்தால் கீறல் தெரியும் படத்தையே போடுங்கள்.

மூன்றாம் நாள் முகவர் மீண்டும் வந்தார். அவருடைய மென்பொருள் செய்வதாகச் சொன்னவற்றுள் இக்கடைக்குத் தேவையானவை சீட்டும் பட்டியலும் செய்தியும் மட்டுமே. அம்மூன்றும் இலவசக் கருவிகளிலேயே நடந்துகொண்டிருந்தன. நாள்தோறும் நூறு சீட்டு எழுதும் பெரிய கடைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். தவணை முறையில் தரலாம் என்றார். அதிலோ வட்டி இருந்தது. இளைஞர் பணிவாக மறுத்து, தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

இக்கட்டுரையை முடிக்கும் வேளையில் அவரிடமிருந்து மற்றொரு மடல் வந்தது. தகரப் பெட்டியிலிருந்து இதுவரை பதினொரு கடிகாரங்கள் உரியவர் கைக்குப் போய்விட்டன. அவற்றுள் ஒன்று மறைந்துவிட்ட மனிதருடையது. அவருடைய மகள், மாமனாரை அழைத்துக்கொண்டு வந்து வாங்கிச் சென்றாராம். பழுதுக் கூலியைக் கொடுத்தபோது வாப்பா வாங்கவில்லையாம். சீட்டை இப்போது வாப்பாவே வாயால் சொல்கிறாராம். மகன் படித்துக்காட்டுவதோடு சரி.

தையற்கடை நடத்தும் சகோதரி ஒருவர், அளவுக் குறிப்பேட்டை இம்முறையில் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் அவருக்கு விடை எழுதுவேன்.