‘தொடாதீர்கள்’ பலகைக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள்

“இவனுங்களுக்குச் சிலையப் பாத்து என்ன சார் புரியப் போவுது? வண்டலூர் கூட்டிட்டுப் போங்க. சிங்கம், கொரங்குன்னு பாத்துட்டு ஜாலியா வருவானுங்க.”

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் கேட்ட வார்த்தை இது. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012இல் மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் இருந்த 46 பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் மேலே இருப்பது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காலனியில் இருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பத்துப் பிள்ளைகள்.

அதோடு முடியவில்லை. “எல்லாரையும் வேணாம், ஒழுங்கா நடந்துக்கறவங்க இருபது பேர மட்டும் செலக்ட் பண்ணுங்க” என்றார் ஒருவர். “தலைக்கு அறுநூறு ரூபா, கட்டறவங்க வரட்டும்” என்றார் இன்னொருவர். கடைசியில் பெற்றோருக்கு அனுப்பத் தயாரான சுற்றறிக்கையில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘மதிய உணவு சைவம் மட்டும் கொண்டுவர வேண்டும்.’

இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். புரியாது, ஒழுங்கில்லை, காசில்லை, உன் சோறு ஆகாது. கோயில் வாசலில் நம் பாட்டன் கேட்ட அதே நான்கு காரணங்கள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. பாடம் நன்றாக நடத்துகிறவர்கள், பிள்ளைகளுக்குத் தங்கள் காசில் நோட்டு வாங்கித் தருகிறவர்கள். ஆனால் கலை என்றதும் அவர்கள் மனதில் ஒரு அக்ரகாரம் எழுந்து நிற்கிறது.

‘புரியாது’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனி எப்படிச் செய்யப்பட்டது? தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைப்பார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். மண் எந்தப் பதத்தில் விரியும், எவ்வளவு காய்ந்தால் வெடிக்கும், எந்தச் சூட்டுக்குத் தாங்கும்? இதெல்லாம் யாருக்குத் தெரியும், புராணம் மனப்பாடம் செய்தவனுக்கா? சூளையில் கல் அறுக்கும் அம்மாவோடு விடுமுறை நாளெல்லாம் மண் மிதித்த பையனுக்கா? நான் இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் குறுக்கிட்டான்: “சார், ஈரம் உள்ள இருந்தா வெடிச்சிருமே, அவங்க எத்தன நாள் காய வெச்சாங்க?” பதினான்கு வருட வேலையில் எந்த ஆசிரியரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்தச் சிலைகளைச் செய்தது நாம்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். வார்த்தவர்கள் கம்மாளர்கள். ஆனால் அந்தக் கோயிலுக்கு நெல் அளந்த நிலத்தில் சேற்றில் நின்றது யார்? தஞ்சைப் பெரிய கோயிலின் ராசராசன் கல்வெட்டுகளில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று ஊர்களுக்குள் இருந்த சேரிகள் வரியில்லா நிலங்களின் பட்டியலில் வருகின்றன. அருங்காட்சியகத்தின் விவரப் பலகையில் ‘சோழர் காலம்’ என்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் தீண்டாச்சேரியும் இருந்தது என்று பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வழியாக அனுமதி வாங்கினேன். அறுநூறு ரூபாய் வேனுக்கு அவசியமே இல்லை. எங்கள் ஊரில் இருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் இருக்கிறது. இறங்கி, நடந்தே போய்விடலாம். ‘பாதுகாப்பு?’ என்றார்கள். காலனியின் அம்பேத்கர் மன்றத்துத் தம்பிகள், தங்கச்சிகள் ஐந்து பேர் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு வந்தார்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு சரியாகிவிட்டது. நுழைவுச் சீட்டுக் காசும் அவர்களே கொடுத்தார்கள். 46 பேரும் வந்தார்கள், ‘ஒழுங்கில்லாத’ பிள்ளைகள் உட்பட. அந்தச் சைவ வரியை நான் அடித்துவிட்டேன். சத்துணவில் அரசே முட்டை போடுகிற மாநிலத்தில், சுற்றுலா என்றதும் மட்டும் எங்கிருந்து வருகிறது சைவம்?

வெண்கலக் கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் உடன் வந்த ஆசிரியை ஒருவர் கை கூப்பினார். பிள்ளைகளிடம் செருப்பைக் கழற்றச் சொன்னார். சிலர் கழற்றவும் தொடங்கிவிட்டார்கள். நான் தடுத்தேன். அவர் நம்பிக்கை அவருக்கு, அவர் கும்பிடட்டும். ஆனால் இது கோயில் இல்லை. இங்கே கருவறை கிடையாது, பூசாரி கிடையாது, ‘அங்கேயே நில்லு’ என்று கைகாட்ட எவனும் கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற பொது இடம். இப்படிப்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. 1939 ஜூலையில்தான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய முடிந்தது. 2023இல்கூட விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வருவதை ஆதிக்க சாதியினர் எதிர்த்ததால் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அங்கே பூட்டு விழுந்தது. இங்கே 1851இல் இருந்து கதவு திறந்திருக்கிறது. அதற்குள்ளும் போய்ச் செருப்பைக் கழற்றி, தூரமாக நிற்கப் பழக்குவீர்களா?

அப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிலையின் பீடத்தைக் காட்டிக் கேட்டாள்: “சார், இதுல ஏன் ஓட்டை இருக்கு?”

இவை உற்சவர் சிலைகள், திருவிழாவில் வீதி உலா போகிறவை, கழி செருகித் தூக்கவும் கயிறு கட்டவும்தான் அந்த ஓட்டைகள் என்றேன்.

“அப்ப இது எங்க தெருவுக்கு வந்திருக்குமா சார்?”

சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் இன்றைக்கும் சாமி ஊர்வலம் காலனி முனையில் திரும்பிவிடும். ஆயிரம் வருடத்துச் சிலையின் அடியில் இருக்கிற ஓட்டையைப் பார்த்து, அது எந்தத் தெரு வரைக்கும் போயிருக்கும் என்று கேட்டாளே, அதற்குப் பெயர்தான் கலை விமர்சனம். புரியாது என்றவர்கள் அந்த நேரம் தள்ளி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே கூடத்தில் ஒரு பலகை: ‘தொடாதீர்கள்.’

நாம் சாதாரணமாகக் கடந்துபோகும் சொல் அது. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. குடத்தைத் தொடாதே, திண்ணையைத் தொடாதே என்று ஆயாவின் காலத்தில் இருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிற சொல். அதை விளக்காமல் ‘கைய கட்டு, வாய மூடு, தொட்டா வெளிய அனுப்பிருவேன்’ என்று ஒரு ஆசிரியர் அதட்டினால், பிள்ளை காதில் பழைய அர்த்தம்தான் விழும். அதனால் முந்தைய நாளே வகுப்பில் சொல்லியிருந்தேன். மனிதக் கையில் வேர்வையும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் தொட்டால் உலோகம் அரிக்கும், கல் கறைபடும். உன் கை அழுக்கு என்பதால் இந்தப் பலகை வைக்கவில்லை. கலெக்டர் வந்தாலும், அர்ச்சகர் வந்தாலும், அமைச்சர் வந்தாலும் இதே பலகைதான். ‘தொடாதே’ என்பது எல்லாருக்கும் ஒன்றுபோலச் சொல்லப்படுகிற இடம் இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது?

அருங்காட்சியகத்தைப் புனிதமாக்கிப் பேசவும் நான் வரவில்லை. இதே எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். நம் மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து, சாதி சாதியாகப் பிரித்து ஏழு தொகுதி போட்டவர். அன்று அளக்கப்படும் பொருளாக இருந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று பார்வையாளராக உள்ளே போகிறார்கள். இதைச் சொல்லாமல் அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது பாதிச் சுற்றுலா.

நம்மிடமே சில தோழர்கள் கேட்கிறார்கள்: “ராஜாக்களும் சாமிகளும் நிக்கிற இடத்துக்கு நம்ம பிள்ளைங்க எதுக்கு?” நியாயமான கேள்விதான். அவர்களை அமராவதி கூடத்துக்கு அழைக்கிறேன். ஆந்திராவின் அமராவதியில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் நின்ற பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அவை. மதம்பிடித்து ஓடிவரும் நளகிரி யானை புத்தரின் முன் பணியும் வட்டச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மண்ணுக்குள் இருந்து 1856 முதல் எடுக்கப்பட்ட வெண்கலப் புத்தர்கள் இதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பு. நாம் பூர்வ பௌத்தர்கள் என்று சொல்லி, 1898இல் இதே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார் அயோத்திதாசப் பண்டிதர். பண்டிதரைப் படித்த நாம், புத்தர் சோழநாட்டு மண்ணில் எந்த உருவில் நின்றார் என்று பிள்ளைகளுக்குக் காட்டாமல் வேறு யார் காட்டுவார்கள்?

ஆகவே, அழைத்துப் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பராமரிப்புக்காக எந்தக் கூடம் மூடியிருக்கிறது என்று முன்னதாகவே விசாரியுங்கள். நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படாதீர்கள், நான்கு பொருள் போதும். ஒவ்வொன்றின் முன்னாலும் பிள்ளைகளை உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். வரைகிறபோதுதான் கண் பார்க்கும், பீடத்து ஓட்டை தெரியும். யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள், கடைசி பெஞ்சில் இருந்து பெயர் எழுத ஆரம்பியுங்கள். காசைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். சாப்பாட்டை வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்று எங்கள் வட்டத்தில் புளிசாதமும் இருந்தது, கருவாட்டுக் குழம்பும் இருந்தது, கறித்துண்டும் இருந்தது. அந்தக் கருவாட்டில் பாதியைத் தின்றது சைவ வரியை எழுதியவர்தான் என்று பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சிகளில் பலர் படித்து வேலைக்குப் போய்விட்டவர்கள். வார இறுதியில் ஓவியக் கண்காட்சிக்குப் போய்ப் படம் போடுகிறீர்கள். நல்லது. உங்களைப் படிக்கவைத்த அரசுப் பள்ளிக்கு ஒரு நாள் திரும்பிப் போங்கள். அங்கே என்னைப் போல ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியர் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றுகொண்டிருப்பார். அவரிடம் “சார், பத்துப் பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டுக்கு ஆகிற காசு உங்கள் ஒரு நாள் காபிச் செலவைத் தாண்டாது.

வண்டலூருக்கும் போவோம். சிங்கத்தையும் குரங்கையும் பார்ப்போம், அதிலென்ன இருக்கிறது? ஆனால் அதே ரயில் எழும்பூர் வரைக்கும் போகிறது. எங்கள் பிள்ளைகள் வண்டலூரிலேயே இறங்கிவிட வேண்டும் என்று முடிவுசெய்ய நீங்கள் யார்?