போகாத பியூஸ்

அடிக்கடி போகிற பியூஸ் மட்டமானது, போகவே போகாத பியூஸ் உயர்ந்தது என்று நம்மவர்கள் எப்படியோ தீர்மானித்துவிட்டார்கள். "இனிமேல் போகவே போகாது, சார்!" என்று மார்தட்டுகிற எலெக்ட்ரீஷியனுக்குக் கூலிக்கு மேல் காப்பிக் காசும் கொடுத்து அனுப்புகிறார்கள். போகாத பியூஸ், குரைக்காத காவல் நாய். அதற்குச் சோறு போடுவது தண்டம்; அதை நம்பிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது விபரீதம்.

டெலிவிஷனையும் குளிர்பெட்டியையும் காப்பாற்றத்தான் பியூஸ் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வாஸ்தவத்தில் அது காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒயரின் மேலுள்ள சாதாரண பி.வி.சி. உறை இடைவிடாமல் தாங்கக்கூடிய சூடு 70 டிகிரிதான். மின்சாரம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. உறை உருகுமுன் வேறு ஏதாவது உருகியாக வேண்டும். அந்தப் பலியாகத்தான் பியூஸ் கம்பி நிற்கிறது. அது மெலிந்திருப்பது குறையல்ல. அதுவே அதன் தர்மம்.

இந்த தர்மத்துக்காக விருத்தாசலத்தில் எவ்வளவு பாடுபடுகிறார்கள் தெரியுமா? பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்றுத்தர ஓர் அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர் அது. மண்ணை அரைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, 1200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைத்துப் பீங்கானாக்குகிறார்கள். செம்பு உருகுவதோ 1085 டிகிரியில். உள்ளே கம்பி உருகித் தெறித்தாலும் கட்டை கலங்கக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை தீக்குளிப்பு. அப்படி வந்த பியூஸ் கட்டையில் நாம் எதை மாட்டுகிறோம்? பழைய டேபிள்பேன் ஒயரைப் பிய்த்து, நாலு இழையை ஒன்றாக முறுக்கி மாட்டுகிறோம்!

அதே ஊருக்குத் திருமுதுகுன்றம் என்று பழைய பெயர். அங்கே சிவபெருமான் அருளிய 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். எல்லோரும் ஆற்றையும் குளத்தையும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மச்சத்தை மறந்துவிட்டார்கள். ஆற்றில் போடுமுன் ஒரு துண்டு பொன்னை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டு, குளத்தில் கிடைத்ததை அதோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்த்தாராம் அவர். கொடுத்தவர் கடவுள், அப்படியும் பார்த்தார். நாமோ கடைக்காரர் நீட்டும் கம்பியை, "கொஞ்சம் தடியாகவே கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருகிறோம்.

தடிமன் அலட்சியமான சமாசாரமல்ல. பிரிட்டிஷ் அட்டவணைப்படி 5 ஆம்பியருக்குச் செப்புக் கம்பியின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர், 10 ஆம்பியருக்கு 0.35; 15 ஆம்பியருக்கு 0.5. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தில் மின்சாரம் மும்மடங்காகிவிடுகிறது. அதிலும் 5 ஆம்பியர் கம்பி ஐந்திலேயே உருகிவிடாது. ஏறக்குறைய இரு மடங்கு வரை பொறுத்துப் பார்க்கும். இவ்வளவு தாட்சண்யம் காட்டுகிற கம்பியையா பலவீனம் என்று ஏசுகிறோம்?

கணக்கு சுலபம். ஒரு லைனில் உள்ள சாமான்களின் வாட்டுகளைக் கூட்டி 230-ஆல் வகுங்கள். விளக்கும் விசிறியுமாக 800 வாட் என்றால் மூன்றரை ஆம்பியர். 5 ஆம்பியர் கம்பி போதும். 2000 வாட் வெந்நீர்க் கொதிகலத்துக்குக் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 10 ஆம்பியர் கம்பி வேண்டும். எந்தக் கம்பியானாலும் அந்த லைனின் ஒயர் தாங்கும் அளவை மீறக்கூடாது. ஸ்டெபிலைசரில் உள்ள கண்ணாடிக் குழாய் பியூஸ் போனால், அதன் உலோகத் தொப்பியில் பொறித்த எண்ணையும் எழுத்தையும் பார்த்து அதையே வாங்குங்கள். 'எஃப்' என்றால் சட்டென்று போவது. 'டி' என்றால் சற்றுத் தாமதித்துப் போவது.

"பரீட்சை சமயத்தில் விளக்கு அணைந்தால் பிள்ளைகள் என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புதுக் கம்பியும் உடனே போனால், குற்றவாளி கம்பியல்ல. விளக்கு லைனில் இஸ்திரிப் பெட்டியை மாட்டியிருக்கிறோமா, எங்கேனும் ஒயர் நைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். சேதி கொண்டுவந்த தூதனைக் கொன்றுவிட்டால் எதிரி திரும்பிப் போய்விடுவானா?

"இப்போதுதான் எம்.சி.பி. வந்துவிட்டதே!" என்பார்கள். வந்தது கருவி, போகவில்லை புத்தி. 10 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்பியர் மாட்டுகிற வீடுகள் இன்றும் உண்டு.

சரியான கம்பியை அட்டையில் சுற்றி, ஆம்பியரை எழுதி, மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டே பியூஸ் கட்டையில் கை வையுங்கள். மீட்டருக்கு முன்னாலுள்ள பியூஸை மின்வாரிய ஊழியருக்கு விட்டுவிடுங்கள். இவ்வளவுக்கும் ஆகிற செலவு, அந்தக் காப்பிக் காசைவிட அதிகமாகாது.