விபத்து நடந்தபோது மணி என்ன?

"எத்தனை மணிக்குக் குளவி கொட்டியது?" என்று விசாரணையில் கேட்டால், நம்மில் பலர் சொல்லும் பதில், "காலை நிறுவை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல" என்பதுதான். அது பொய்யல்ல. மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு நிறுவையும் தேத்தண்ணி நேரமும்தான் கடிகாரம். ஆனால் கடதாசியில் அந்தப் பதில் ஏறுவதில்லை. அங்கே ஒரு மணிக்கணக்கு வேண்டும். நாம் சொல்லாவிட்டால் வேறு யாரோ அதை எழுதிவிடுகிறார்கள்.

அண்மையில் நமது அங்கத்தவரான ஓர் அக்காவுக்கு இதுதான் நடந்தது. ஆஸ்பத்திரித் துண்டில் பகல் 1.20 என்று இருந்தது. அது அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த நேரம். தோட்டத்துப் பதிவில் அதையே விபத்து நேரமாக எழுதிவிட்டார்கள். அது சாப்பாட்டு நேரம். "விறகுக்குப் போன இடத்தில் கொட்டியிருக்கும்" என்று நிர்வாகம் கைவிரித்தது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு உண்டு. ஆகவே நேரம் மாறினால் உரிமையே கைநழுவிப் போகலாம்.

நாம் தூக்கி வந்தவர்களையும் லொறிச் சாரதியையும் கேட்டு, பின்னோக்கிக் கணக்குப் பார்த்தோம். லொறிப் பயணம் 60 நிமிடம். டிஸ்பென்சரியில் மருந்து போட்டு, லொறிக்குக் காத்திருந்தது 75 நிமிடம். மலையிலிருந்து தூக்கி இறக்க 55 நிமிடம். மொத்தம் 190 நிமிடம்; அதாவது 3 மணி 10 நிமிடம்.

பகல் 1.20இலிருந்து இதைக் கழிக்கும்போது 12 மணியைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். எனவே 12ஐக் கூட்டி 13.20 என்று வைத்துக்கொண்டோம். 3 மணி நேரம் பின்னால் போனால் 10.20. இன்னும் 10 நிமிடம் போனால் 10.10. காலை நிறுவை 10 மணிக்கு முடிந்ததைக் கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார். கங்காணியின் போனில் டிஸ்பென்சரிக்கு எடுத்த அழைப்பு 10.18 என்று இருந்தது. ஆட்களின் ஞாபகம் ஐந்து பத்து நிமிடம் பிசகலாம், போன் பிசகாது. பதிவு திருத்தப்பட்டது.

இப்படிக் கணக்குப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு மணிக்கு 60 நிமிடம். ரூபாய் சதம்போல 100 அல்ல. நள்ளிரவைத் தாண்டிப் பின்னால் போனால் திகதியும் மாறும். அதிகாலை 1.30க்கு ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு நாலு மணி நேரத்துக்கு முன் விபத்து நடந்திருந்தால், அது முதல்நாள் இரவு 9.30.

ஆனால் வலியில் கிடக்கும் ஒருவரின் குடும்பம் ஏன் இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும்? தோட்டத்துப் பதிவில் விபத்து நடந்த நேரம், மருந்து போட்ட நேரம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

அதுவரை தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் ஒன்று செய்யுங்கள். விபத்து நடந்தால் முதலில் ஆளைத் தூக்குங்கள். கூடவே ஒருவர் போனைப் பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடமும் அந்த நேரத்தைச் சொல்லி எழுத வையுங்கள். அன்றே குறித்த ஒரு வரி, பிறகு பல மாதம் அலைவதை மிச்சப்படுத்தும்.